ஏரியில் இறங்கிய விமானம்

அப்பா அதியமான்கோட்டையில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். இண்டூர்ப் பக்கம் ஏரியில் ஒரு விமானம் இறங்கிச் சக்கரம் கெட்டு நிற்கிறது என்று ஆள் வந்து சொன்னதும், சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார். அம்மாவும் நானும் பின்னாலேயே பஸ் ஏறினோம்.

இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். மேகம் மறித்ததால், தனியாக வந்த விமானி அதை வறண்ட ஏரியில் இறக்கியிருக்கிறார். வாலுக்கு அடியில் இருந்த குட்டிச் சக்கரம் மண் ஏறி இறுகி, கோணிக்கொண்டு நின்றது. ஊர்க்காரர்கள் வாலைத் தூக்கி ஒரு டிரம்மின் மேல் வைத்தார்கள். அப்பா சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் அலசி, கிரீஸ் திணித்தார். அறுந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, விமானி கொடுத்த புதியதை மாட்டினார். விமானியோ நின்ற இடத்தில் நிற்கவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் ஏரி சேறாகிவிடும்.

"ஒரு சுத்து போய் இறக்கிப் பாக்கணும். பின்சீட்ல ஆள் இருந்தாத்தான் வால்ல எடை விழும்," என்றார் விமானி.

"நானே வர்றனுங்க," என்றார் அப்பா, கையைக்கூடத் துடைக்காமல்.

"என்னங்க, வேணாங்க," என்றாள் அம்மா. அப்பாவின் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் ஏறியிருப்பார்.

விமானம் மலைக்குப் பின்னால் மறைந்தது. அம்மா கரையில் இங்கும் அங்கும் நடந்தாள். என் கையைப் பிடிப்பாள், விடுவாள், மறுபடி பிடிப்பாள்.

"சத்தம் கேக்குதா பாரு, பாப்பா."

எனக்குக் காற்றுதான் கேட்டது.

தூறல் விழத் தொடங்கியபோது விமானம் திரும்பியது. முன்சக்கரங்கள் தரை தொட்டன. பிறகு வால் இறங்கியது. குட்டிச் சக்கரம் ஆடாமல் நேராக உருண்டது. அப்பா குதித்து இறங்கினார். அவர் கையைக் குலுக்கிவிட்டு விமானி உடனே பறந்துபோனார்.

வீட்டுக்கு வந்தும் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆறு கயிறு மாதிரி கிடக்கிறது, லாரியெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா சோறு போட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மேல இருந்து நம்ம வூடு தெரிஞ்சுதுங்களா?"

"வூடா? அந்தப் பக்கமே பாக்கலியே!"

குழம்புச் சட்டியோடு உள்ளே போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை.

கூரை ஓடு மங்கிப்போய் வீடு மேலே இருந்து தெரியாததில்தான் அவளுக்கு வருத்தம் என்று முடிவு செய்தேன். மறுநாள் சுண்ணாம்பு வாளியோடு கூரைமேல் ஏறினேன். அம்மா பதறி என்னை இறக்கி, எதற்கு ஏறினாய் என்று கேட்டாள். அடுத்த தடவை அப்பாவுக்குத் தெரியட்டும் என்றுதான், என்றேன். அவள் சிரித்தாள், சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுண்ணாம்பு தெறித்துவிட்டது என்று நினைத்து, நான் அவள் கண்ணில் ஊதிவிட்டேன்.