படகுத் தடிப்பில் ஒரு தொலைநோக்கி

குருநகரில் பைபர் படகு கட்டும் அடைக்கலநாதன், ஓட்டை போடுகிற இடத்திலெல்லாம் பலகை வைத்துத் தடிப்பாக்குவார். இல்லாவிட்டால் கடல் உள்ளே வந்துவிடும். மாதக்கணக்காகக் கையால் தேய்த்தெடுத்த குழிக் கண்ணாடிக்காக அவர் கட்டிய தொலைநோக்கிக் குழாயிலும், பக்கத்தில் கண் வைத்துப் பார்க்கும் துளையைச் சுற்றி அதே தடிப்புத்தான். குழாயின் அடியில் இருக்கும் குழிக் கண்ணாடி குவிக்கும் வெளிச்சத்தை, மேலே சாய்த்து வைத்த சிறு கண்ணாடி அந்தத் துளைப் பக்கம் திருப்பிவிடும்.

இருள் கவியும் மம்மல் பொழுதில் முதன்முதலாக நிலவைப் பார்த்தார். கஞ்சி ஊற்றியதுபோல் கலங்கிய வெளிச்சம் மட்டுமே தெரிந்தது.

"நாசமாப் போன கண்ணாடி! திரும்பவும் முதலிலையிருந்து தேய்க்கவேணும்!" என்று கத்தி, பார்வை வில்லையைக் கழற்றி மேசையில் போட்டார்.

தேய்த்த காலத்தில், கண்ணாடி குவிக்கும் வெளிச்சம் எங்கே தெளிவாக விழுகிறது என்று சோதிக்கத் தாள் பிடித்தவர் மனைவி ஸ்ரெல்லாதான். இப்போதும் ஒரு மெல்லிய தாளை அந்தத் துளைக்குள் மெதுவாக இறக்கினார். பாதி ஆழத்தில், விரல் நகமளவு நிலவு தாளில் தெளிவாக விழுந்தது.

"இஞ்சை பாருங்கோ, கண்ணாடியிலை பிழையில்லை. உங்கடை தடிப்பைத் தாண்டி, வில்லை இருக்கிற இடத்துக்கு நிலவு வர ஏலாமல் உள்ளுக்கை நிக்குது."

நிலவு விழும் இடம் துளைக்கு வெளியே தள்ளி வரும்படி, அடைக்கலநாதன் குழாயின் அடியிலிருந்த கண்ணாடியை இரண்டு விரல் மேலே ஏற்றிப் பூட்டினார். வில்லையை மாட்டிப் பார்த்தார். நிலவின் பள்ளங்கள் விளிம்போடு தெரிந்தன. பெருமூச்சு விட்டார்.

"அப்ப, தேய்க்கத் தேவையில்லையோ?"

"இல்லை. வானத்திலை கடல் இல்லையப்பா. அடுத்த குழாயை எண்டாலும் மெல்லிசாக் கட்டுங்கோ."