நான் கொடுத்த குளிசை

எனக்கு ஒற்றைத் தலைவலி. வலது கண்ணுக்குப் பின்னால் இடித்து, வாந்தியும் வந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் ஒரு பகல் முழுக்கக் கிடக்கிறவளிடம், "ஒரு தேத்தண்ணி குடி, சரியாகும்" என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிளிநொச்சிக் கிளினிக்கில் இரண்டு விதக் குளிசை தந்தார்கள். ஒன்று இடி தொடங்கியதும் போடுவது. மற்றது இடி வராமலிருக்க நாளாந்தம் போடுவது. நாளாந்தக் குளிசையை எழுதுவதற்கு முன் டொக்டர், "உங்களுக்கு முட்டு வருத்தம் இருக்கோ?" என்று கேட்டார். மூச்சு இழுப்பு எனக்கு இல்லை. இல்லை என்றேன். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது.

அந்தக் குளிசை எனக்கு நன்றாகக் கேட்டது. மூன்று மாதத்தில் இடி பாதியாகக் குறைந்தது. நானும் அரை டொக்டர் ஆகிவிட்டேன்.

ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலில் நாங்கள் ஐந்து பெண்கள் கச்சான் கடலை வறுத்துப் பையில் அடைக்கிறோம். எனக்குப் பக்கத்தில் இருந்து அடைக்கிறவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒருநாள் காலையில் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிளினிக்குக்குப் போனால் அன்றைய வேலை போய்விடும்.

"இதைப் போடு. எனக்குக் கேட்டது" என்று என் நாளாந்தக் குளிசையில் ஒன்றைக் கொடுத்தேன். தொடங்கிவிட்ட இடியை அது நிறுத்தாது என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை. எங்கள் கொட்டிலில் ஊசி நூல் கைமாறுவதுபோல் குளிசையும் கைமாறும். மாரியில் அவள் மூச்சு இழுப்புக்குப் பம்மை வாயில் வைத்து இழுப்பதை எத்தனையோ தரம் பார்த்தவள் நான். அப்படியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. கச்சான் தூசி என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பம்மை இழுத்தாள், குறையவில்லை. ஓட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போகும் வழியில்தான் டொக்டர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. 

அங்கிருந்த டொக்டர் அவளிடம், "இண்டைக்கு ஏதும் மருந்து எடுத்தனீங்களோ?" என்று கேட்டார். பேச மூச்சில்லை அவளுக்கு. இல்லை என்று தலையாட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். தூசி என்று சொல்லிவிட்டு நான் பேசாமல் நின்றிருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது.

"நான் குடுத்தனான், டொக்டர். என்ர தலையிடிக் குளிசை" என்று கடதாசி உறையை நீட்டினேன். 

உறையில் இருந்த மருந்தின் பெயரைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. "முட்டு இருக்கிற ஆக்களுக்கு இது குடுக்கக்கூடாது. பம் கேக்காததும் இதாலதான்" என்றார். திரும்பித் தாதி மிஸ்ஸியிடம் வேறு மருந்து சொன்னார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னேரம் அவளுடைய மூச்சு சீரானது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மாஸ்க்கை விலக்கி அவள் சொன்ன முதல் கதையே இதுதான்:

"ஏனக்கா சொன்னனீங்கள்? குளிசையை மற்றாக்களுக்குக் குடுத்தது தெரிஞ்சா உங்களுக்கு இனிக் கிளினிக்கில தரமாட்டினம் எண்டுதான் நான் இல்லையெண்டு தலையாட்டினனான்."

"விசரி" என்றேன். விலக்கிய மாஸ்க்கை அவள் முகத்தில் திரும்பப் பொருத்தினேன். நான் கொடுத்த குளிசையால் மூச்சு நிற்கப்போன நேரத்திலும், அவள் என் குளிசையைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறாள்.