பனிமேட்டில் ஒரு குற்றாலப் பழக்கம்

பனிமலை, பாலைவனம் என்று ஆட்கள் எளிதில் போகாத இடங்களுக்குப் பயணக் குழுக்களோடு போய்ப் படம் எடுப்பது என் தொழில். அதற்கு முன் தென்காசியில் ஒரு பத்திரிகைக்குப் படம் எடுத்தேன். சீசன் தொடங்கிவிட்டால் தினமும் ஓர் அருவிப் படம் கேட்பார்கள். சாரலில் லென்ஸ் நனைந்துகொண்டே இருக்கும். துடைக்கிற துணியும் ஈரம். அதனால் குற்றாலத்தில் நாங்கள் எல்லோரும் துளிகளை வாயால் ஊதித் தள்ளுவோம்.

என் முதல் பனிப் பயணம் லடாக்கில். நான் பனியையே பார்த்ததில்லை என்று தெரிந்ததும் குழுத் தலைவரின் முகம் சுருங்கியது. மறுநாள் குழு பனிமேட்டைக் கடக்கும்போது படத்துக்காக யாரும் நிற்க மாட்டார்கள், இன்னொரு முறை நடந்து காட்டவும் மாட்டார்கள் என்றார். அந்தப் படம் கிடைத்தால்தான் எனக்கு அடுத்த பயணம்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் புறப்பட்டு, எதிர்ச் சரிவில் இடம் பிடித்தேன். கயிற்றால் பிணைத்துக்கொண்ட குழு வரிசையாக மேட்டின் உச்சிக்கு வந்தது. லென்ஸில் கொஞ்சம் பனித்தூள். கை தானாகக் கேமராவைத் திருப்பியது. ஊதினேன்.

மூச்சு பட்ட இடத்திலேயே வெள்ளைப் படலமாக உறைந்தது. கையுறையால் தேய்த்தேன்; போகவில்லை. லென்ஸை மாற்ற நேரமில்லை. முதல் ஆள் இறங்கத் தொடங்கியிருந்தார்.

படலம் கண்ணாடியின் ஓரத்தில் மட்டும்தான் இருந்தது. ஊதியும் போகாத துளிகளுக்குக் குற்றாலத்தில் ஒரு வழி உண்டு. லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து தூரத்தில் ஃபோகஸ் வைத்தால், கண்ணாடிமேல் இருக்கும் துளி படத்தில் உருத்தெரியாமல் மங்கிப்போகும். அதையே செய்தேன். வரிசை முழுவதும், வானத்தை ஒட்டி, படத்தில் விழுந்தது.

மாலையில் தலைவர் கேமராத் திரையை வெகுநேரம் பார்த்தார். பாராட்டவில்லை. அடுத்த பயணத்துக்கு எந்த மாதம் வசதி என்று கேட்டார்.

ஊர் திரும்பியதும், மெயின் அருவிப் பக்கம் டீக்கடையில் என் பழைய சகா, இன்னும் பத்திரிகையில் இருப்பவன், அந்தப் படத்தைக் கைபேசியில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"ஏலே, இந்த மூலையில மங்கலா இருக்கு. என்னது, சாரலா?"

"என் மூச்சுதாம்லே. ஊதிட்டேன்."

"அங்கன போயும் ஊதுனியா? கோட்டிக்காரப்பய. சரி, மூலைய வெட்டிட்டுப் பிரிண்ட் போடு."

வெட்டவில்லை. அந்த மூலையோடுதான் வீட்டில் மாட்டியிருக்கிறேன். அதன்பின் எத்தனையோ பனிமலைகளுக்குப் போய்விட்டேன். இந்தத் தொழிலை எங்கே கற்றாய் என்று கேட்பவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டி, குற்றாலத்தில் என்பேன்.