வண்டிச் சத்தத்துக்கு நின்ற மெஷின்கள்

என் அத்தை பாட்டில் மூடி செய்துவந்தார். மேலே வீடு. கீழே, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் தள்ளும் மெஷின்கள் ஓடும் கூடம். அவை ஓடும்வரை வீட்டுத் தரை லேசாக அதிரும். அதிர்வு நின்றால் தெருவுக்குள் ஏதோ வண்டி வந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

வந்துகொண்டிருந்தவர் ஓர் அதிகாரி. அனுமதி எல்லாம் சரியாக இருந்தாலும், ஓடுகிற மெஷின்களை எண்ணி ஒவ்வொன்றுக்கும் காசு கேட்டுக் கை நீட்டுவார். அதனால் அவருடைய ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே அத்தை மெயின் சுவிட்சை இறக்கி, ஷட்டரை இழுத்துவிடுவார். எல்லோரும் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஜீப் போனபின், உள்ளே இறுகிப்போன பிளாஸ்டிக்கை மறுபடி சூடாக்கி வெளியே தள்ளுவதற்குள் பாதிப் பகல் போய்விடும்.

மெஷின் ஓட்டுகிறவர் அத்தையைக் கிண்டல் செய்வார். "அக்கா காதுக்குத் தனியா சம்பளம் போடணும்."

ஒருநாள் அந்த அதிகாரி லஞ்சம் வாங்கும்போது பிடிபட்டார். பேப்பரில் படம் வந்தது. அத்தை பார்த்துவிட்டு மடித்து வைத்தார். மறுநாள் ஒரு தண்ணீர் லாரி வந்தது. மெஷின்கள் நின்றன.

அதன்பிறகும் அப்படியே நடந்தது. சொன்ன தேதிக்குச் சரக்கு போகாமல் பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அப்போதுதான் ஓர் எண்ணெய்க் கம்பெனி மூடி கேட்டது. அது கிடைக்காவிட்டால் கூடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். வேலை ஓடுவதை நேரில் பார்த்துவிட்டு ஆர்டர் தருவதாக அவர்களுடைய மேனேஜர் சொல்லியிருந்தார். மதியம் வருவதாகச் சொன்னவர் காலையிலேயே வந்துவிட்டார்.

வண்டிச் சத்தம் கேட்டதும் அத்தையின் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. ஷட்டர் இறங்கியது. வெளியே யாரோ தட்டினார்கள்.

"அக்கா, இது ஜீப் இல்ல," என்றார் மெஷின் ஓட்டுகிறவர், மெதுவாக.

அத்தை உதட்டில் விரலை வைத்தார்.

வெளியே மேனேஜர் தன் டிரைவரிடம் பேசுவது கேட்டது. "மெஷினே ஓடல. இவங்கள நம்பி எப்படிப்பா ஆர்டர் குடுக்கறது?"

கார் கிளம்பிப் போயிற்று. பிறகு அத்தை எத்தனையோ முறை போன் செய்தும் அவர் எடுக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று அன்று மாலை கேட்டேன்.

"அவர்தான்னு தெரிஞ்சுது. ஷட்டர்ல கைய வச்சேன். தூக்க முடியல."

கீழே இப்போது வேறு யாரோ மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். தரை அதிர்வதில்லை. ஆனால் தெருமுனையில் வண்டி திரும்பினால் அத்தை எழுந்துபோய் அடுப்பை அணைக்கிறார், விளக்கை அணைக்கிறார். நானும் பேச்சை நிறுத்திவிடுகிறேன்.