நான்கு முளைகளுக்குள் பூத்த பூ

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய தம்பிக்கு வனத்துறையில் கிடைத்த வேலை, பூ எண்ணுவது. தெருவில் அவனுக்குப் பூக்கணக்கன் என்றே பெயர். தையல்கடை வைத்திருக்கும் அவன் அக்காவுக்கு அதில் கோபமில்லை, பெருமைதான். சின்ன வயதில் அவளுடைய பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தவன் அல்லவா!

வீடுகளுக்கு மேலே, மலைக்காட்டின் நடுவே சரிவான புல்வெளி. அங்கே விரல்நக அளவில் ஒரு நீலப்பூ. நான்கு இரும்பு முளைகளைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே பூத்ததை மண்டியிட்டு எண்ண வேண்டும். பதினொரு வருடமாக அதே கயிறு. அக்கா அளந்து, முனை பிரியாமல் தைத்துக் கொடுத்த நாற்பது மீட்டர்.

அன்று மத்தியானம் கயிற்றைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டான்.

"அக்கா, கயிறு சுருங்கிப்போச்சு. சுத்தி வந்தா முனை சேரல, ஒரு சாண் குறையுது."

"எலி தின்னுச்சா, நீ தின்னியா?"

"விளையாடாதக்கா. மழையில நனைஞ்சிருக்கும். நீளமா ஒண்ணு தைச்சுக் குடு."

அவள் நாடாவை எடுத்து அளந்தாள். நாற்பது. மறுமுனையிலிருந்து அளந்தாள். நாற்பதேதான்.

"பூ எப்படிடா?"

"அமோகம்கா! நடுவுல கோடு போட்ட மாதிரி ஒரே வரிசையா பூத்திருக்கு. அங்க மட்டும் மண்ணு சொதசொதன்னு கிடக்கு."

"ஈரம் கண்ட இடத்துலதான் அது வேர் விடும்னு நீதானே சொல்லுவ?"

"ஆமா..."

"கயிறு சுருங்கலடா. முளை விலகியிருக்கு."

"இரும்பு முளைக்குக் காலா இருக்கு?" என்று சிரித்தவன் பாதியில் நிறுத்தினான். புல்வெளிக்கு நேர் கீழே முதல் வீடு அவனுடையது. உள்ளே மனைவியும் பத்து நாள் குழந்தையும்.

அலுவலகத்துக்குப் போன் போட்டான். எடுத்த எழுத்தர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "சரி, பூ எத்தனை?" என்றார்.

"எண்ணல சார். மலை பிளக்குது, ஆள அனுப்புங்க."

பதினொரு வருடத்தில் முதல்முறையாக எண்ணாமல் வந்திருந்தான். அக்கா கடையைப் பூட்டவில்லை. இருவரும் ஓடி, ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். "பூக்கணக்கனுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு" என்று முணுமுணுத்தாலும், அவன் முகத்தைப் பார்த்தவர்கள் வெளியே வந்தார்கள். குழந்தையை அக்கா வாங்கிக்கொண்டாள்.

தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கூரைகளுக்கு மேலே, பச்சையின் குறுக்கே மெல்லிய நீலக்கோடு வளைந்து தெரிந்தது.

தம்பி அவள் கையைப் பிடித்தான்.

"காலையில நேரா இருந்துச்சுக்கா."