நாலு கடையும் இரண்டு மணி ஜீப்பும்

"பாக்கெட்டுல உள்ளத வாசிச்சாப் போதுமா? டவுனுக்குள்ள எந்தச் சந்து எங்க போயி முட்டுதுன்னு தெரியுமா ஒனக்கு?" என்று அம்மா கேட்டாள்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. லயத்தில் எல்லோருக்கும் போடிநாயக்கனூரில் ஒரே மளிகைக் கடைதான். ஞாயிறு காலை இறங்கும் ஜீப்பில் சீட்டைக் கொடுத்தனுப்பினால் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாவற்றையும் கடைக்காரரே கட்டி, மதியம் இரண்டு மணிக்கு மலையேறும் அதே ஜீப்பில் போட்டுவிடுவார். போய்ப் பார்த்து வாங்கும் வழக்கம் கிடையாது. எங்கள் வீட்டுச் சீட்டை மூன்றாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதினேன். அதற்கு முன்பு எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் இல்லை.

தேனியில் விடுதியில் தங்கிப் பட்டப்படிப்பு முடித்துத் திரும்பியதும் நான் முதலில் வாசித்தது கோதுமை மாவுப் பாக்கெட்டின் தேதியை. தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பருப்பில் வண்டு. அரிசியில் மக்கல் வாடை. அரிசியை அரிசிக் கடையில் வாங்கலாம், எண்ணெயைச் செக்கில் வாங்கலாம், காய்க்கு மார்க்கெட் இருக்கிறது, மற்றதை வேறொரு மளிகையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதற்குத்தான் அம்மா அப்படிக் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மூன்று வருடமும் போடி எனக்கு ஜீப்பிலிருந்து இறங்கிப் பஸ் ஏறும் இடமாக மட்டுமே இருந்தது.

"பானையில இன்னைக்கு ஒலைக்கு அரிசி இல்ல. நீ கொண்டாந்தாத்தான் சோறு. கொண்டாரலன்னா இனிமே கடையப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினாள்.

ஜீப்பிலிருந்து இறங்கும்போது டிரைவர் அண்ணன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "ரெண்டு மணின்னா ரெண்டு மணி. மஞ்சு எறங்கி ரோடு மறையுறதுக்குள்ள வளைவத் தாண்டணும். யாருக்காகவும் நிக்க மாட்டேன்."

முக்கியமானதை முதலில் முடிப்போம் என்று அரிசிக் கடைக்குப் போனேன். நாலு அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து ஒரு சிப்பம் எடுத்துக் காசும் கொடுத்தேன். இருபத்தைந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதே.

"இங்கயே இருக்கட்டும்ணே. மத்தத வாங்கிட்டு வந்து எடுத்துக்கிறேன்."

"வெரசா வா ஆத்தா" என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மார்க்கெட் எளிதாக முடிந்தது. செக்குக்கு ஒருவரிடம் வழி கேட்டேன். "நேராப் போயி பீச்சாங்கைப் பக்கம் திரும்பு" என்றார். எத்தனையாவது சந்தில் என்று கேட்டிருக்க வேண்டும். மலையிலிருந்து வந்தவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று கேட்கவில்லை. ஒரே பூக்கடையை இரண்டு முறை கடந்தேன். எண்ணெய் வாங்கித் திரும்பும்போது எங்கள் பழைய மளிகைக் கடைக்காரர் கல்லாவிலிருந்தே பார்த்துவிட்டார்.

"என்னத்தா, இந்த வாரம் ஒங்க சீட்டக் காணோம்? இப்பக் குடுத்தாலும் கட்டி ஏத்தி விட்டுர்றேன்."

வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

அரிசிக் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. மணி ஒன்று முப்பத்தைந்து.

"ஒரு மணிக்கே சாப்புடப் போயிருவாரு. இனி நாலு மணிக்குத்தான்" என்றாள் பக்கத்தில் கொய்யா விற்றுக்கொண்டிருந்த அக்கா.

நான் வாங்கிய அரிசி உள்ளே இருந்தது. தெருக்கோடியில் பழைய கடை திறந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டை ஜீப்புக்கு வந்துவிடும். வீட்டில் உலையும் கொதிக்கும். அதன் பிறகு வண்டுப் பருப்பைப் புடைத்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். கொய்யா விற்ற அக்காவிடமே திரும்பினேன்.

"அக்கா, அவரு வீடு எங்க?"

அவள் சொன்னாள். சந்து முனையில் ஒருவரிடமும், தண்ணீர்த் தொட்டி அருகே இன்னொருவரிடமும், மறுபடி ஒரு வீட்டு வாசலிலும் கேட்டேன். கடைக்காரர் சோற்றுக் கையோடு வெளியே வந்தார்.

"ஒரு மணிக்குச் சாத்துவேன்னு தெரியாதா?"

"தெரியாதுண்ணே." அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு மணிக்கு ஜீப்பு. வீட்ல ஒலைக்கு அரிசி இல்ல."

"சோத்த முடிச்சுட்டு வர்றேன், போ."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "போயித் தெறந்து விட்டுட்டு வாங்க. கொழம்பு எங்கயும் ஓடிறாது."

கையைக் கழுவிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்து ஷட்டரைத் தூக்கினார். சிப்பத்தைத் தன் ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, என்னைப் பின்னால் ஏறச் சொன்னார். ஜீப்பு உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"டிகிரிக்காரி மூட்டையோட வர்றா, நகருங்கடி" என்றாள் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. மேலே பழைய கடையின் லோடு நிறைந்திருந்ததால் சிப்பத்தைக் கால்மாட்டில் போட்டு, அதன்மேல் காலை மடக்கி உட்கார்ந்தேன். முதல் வளைவு திரும்பும்போதுதான் நாலாவது கடையான புது மளிகைக்குப் போகவே இல்லை என்பது உறைத்தது.

அம்மா சோற்றைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தாள். சாப்பிட்டாள்.

"தேயில எங்க?"

"வாங்கல. பருப்பும் வாங்கல."

"ம்" என்றாள். இந்த வாரம் அத்தை வீட்டில்தான் தேயிலைத்தூள் கடன். தூள் கொடுக்கும்போது அத்தை எங்கள் சோற்றில் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

வரும் ஞாயிறுக்கு வரிசையை மாற்றி எழுதியிருக்கிறேன்: தூரமும் லேசும் முதலில், அரிசி கடைசியில், ஆனால் பன்னிரண்டரைக்குள். இன்று காலை அரிசிக் கடைக்குப் போன் செய்து இரண்டு சிப்பம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். ஒன்று அத்தைக்கு.