ஆடிக்காற்றில் நின்ற கூடாரம்

எங்கள் பட்டாளக் கம்பெனியில் பதவி தொண்டையில் இருந்தது. யுத்த காலம். கப்பலூருக்குத் தெற்கே, ரஸ்தாவை ஒட்டிய பொட்டலில், சாலை போடவும் பாலம் கட்டவும் ஆட்களைப் பழக்கும் ராணுவ முகாம் ஒன்று இருந்தது. ஒருவன் ஆட்களை நடத்தத் தகுதியானவனா என்பதை அங்கே ஒரே சோதனையில் முடிவு செய்தார்கள். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவன் கட்டளை கொடுக்க வேண்டும். அந்தக் கோடியில் போகிறவன் திரும்ப வேண்டும். திரும்பினால் தலைவன். திரும்பாவிட்டால் சாமான் கிடங்கில் மண்வெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கலாம்.

நான் அந்த முகாமின் குமாஸ்தா. அதற்கு முன் மதுரையில் ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்தேன். ஆள் வராத நாட்களில் கோர்ட்டுச் செய்தியும் எழுதினேன். காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகை இளைத்தது. கூடவே நானும் இளைக்க விருப்பமில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்தேன். என் மேஜையை ஒரு வேப்பமரத்தடியில், மைதானத்தைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். அதனால் நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

முகாமில் எனக்கு முன்பே முகம் தெரிந்தவர் ஒருவர்தான். மதுரையில் நெசவாளர் தெரு ஒன்றில், வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பத்திரிகையில் இரவு வேலை முடிந்து விடிகாலையில் அந்தத் தெரு வழியாகத்தான் வீடு திரும்புவேன். அந்த நேரத்தில் தெரு நீளத்துக்கும் பாவு நூலை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் நேராகப் பாவின் மேல் போய் விழ இருந்தேன். பாவின் ஓரமாக நடந்து நூலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நகர்ந்து சாக்கடை ஓரமாக நடந்து போனேன். பிறகு யோசித்தபோதுதான், யாரும் என்னைப் போகச் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அந்தப் பார்வையை அவர் முகாமுக்குக் கொண்டுவரவில்லை. அவருக்குப் படிப்பு இருந்தது, வேலையில் ஒழுங்கு இருந்தது. அதனால் கேப்டன் துரை அவரைத் தற்காலிகமாக நாயக் ஆக்கி, சட்டைக் கையில் இரண்டு பட்டை தைத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு பிரிவை ஒப்படைத்திருந்தார். அன்று சாயங்காலமே அவர் திருமங்கலத்துக்குப் போய், பட்டை நன்றாகத் தெரியும்படி பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அதைக் கண்ணாடி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவசரம் அதோடு நிற்கவில்லை. அவர் தாயார் அந்தப் படத்தைத் தறிக்கு மேலே மாட்டி, தெருவில் வீடு வீடாகப் போய் எல்லாரையும் அழைத்து வந்து காட்டிவிட்டார்.

தொண்டைதான் இடைஞ்சல். பேசும்போது அவர் குரல் இனிமையானது. கூவினால் மேலே போய் இரண்டாகப் பிளந்துவிடும். பிரிவில் இருந்தவர்கள் மேற்குச் சீமைக் குடியானவர்கள். ஒரு வயலிலிருந்து இரண்டு வயல் தாண்டிச் சண்டை போட்டுப் பழகியவர்கள். அவர்களில் மூத்தவர், சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். வாய் சிவக்காத நேரம் அவருக்குக் கிடையாது. நாயக்கை அவர் கூப்பிடுவது "தம்பி" என்றுதான்.

"தம்பி, இன்னொரு வாட்டி சொல்லுங்க. கருக்கல்ல குருவி கத்துன மாதிரி நல்லா இருந்துச்சு."

ஒரு காலை அணிவகுப்பில் விஷயம் முற்றியது. பிரிவு மைதானத்தின் தெற்கு எல்லையை நோக்கி நடந்தது. நாயக் "அபௌட் டர்ன்" என்று கூவினார். குரல் பிளந்தது. யாரும் திரும்பவில்லை. மைதானம் முடிந்தது, அவர்கள் முடியவில்லை. ஓடையைத் தாண்டி, ஒரு கிணற்றுப் பாசனத் தோட்டத்துக்குள் வரிசை கலையாமல் போனார்கள். தோட்டத்துக்காரி குச்சியோடு ஓடி வந்தாள்.

"எந்தூருப் படைய்யா இது? எம் மொளகாச் செடிய மிதிக்கத்தான் சண்டைக்குப் போறீகளா?"

"கோவிச்சுக்காத ஆத்தா," என்றார் சோழவந்தான்காரர், நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றிப் போட்டபடி. "திரும்பச் சொல்லி இன்னும் உத்தரவு வரலை."

கேப்டன் இதைத் தன் கூடாரத்து வாசலில் நின்று பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை; அதுதான் மோசம். என் வழியாக நாயக்குக்குச் சொல்லியனுப்பினார்: ஆடி மாதம் பெரிய துரை பார்வையிட வருகிறார். அதற்குள் குரல் சரியாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டையைக் கழற்றிவிட்டு கிடங்குக்குப் போக வேண்டும்.

நான் சொல்லி முடித்ததும் நாயக் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, போட்டோவத் திருப்பி வாங்க முடியுமா?"

"வாங்கலாம். தெருவே பார்த்ததை எப்படித் திருப்பி வாங்குறது?"

மறுநாளிலிருந்து சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் போனோம். நான் ஒரு கரையில் உட்கார்வேன். அவர் எதிர்க்கரையில் நின்று கட்டளைகளைக் கூவுவார். கேட்டால் நான் துண்டை அசைக்க வேண்டும். பெரும்பாலும் துண்டு என் தோளிலேயே கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அவரிடம் போய் நின்றாள்.

"எதைத் தொலைச்சீக? ஆடா, மாடா?"

"ஒண்ணும் தொலைக்கலை. ஆளுகளை நடத்தப் பழகுறேன்."

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். "இந்தச் சத்தத்துக்கு ஆடே வராது, ஆளா வரப்போகுது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது கரை தாண்டி எனக்குத் தெளிவாகக் கேட்டது.

செய்தி பரவியது. முகாமில் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. ஒருவர் மிளகைப் பொடித்து நெய்யில் குழைத்துத் தந்தார். சமையல்காரர் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். சோழவந்தான்காரர் ஊரிலிருந்து வந்த கொழுந்து வெற்றிலையில் சித்தரத்தையை மடித்துக் கொடுத்து, "கடவாயில அடக்கிக்கங்க தம்பி, சிங்கம் மாதிரி வரும்" என்றார். இத்தனையும் தின்றுகொண்டு ஒரு வாரம் கூவியதன் பலன் ஒரு காலையில் தெரிந்தது. நாயக் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. சிங்கமும் இல்லை, குருவியும் இல்லை.

முகாமிலேயே உரக்கக் கத்தும் ஹவில்தார் ஒருவர் இருந்தார். அவர் இருமினால் இரண்டு பேர் அட்டென்ஷனில் நிற்பார்கள். அவர் மகிழ்ச்சியோடு வந்து பார்த்தார். "ஊமை நாயக்குன்னு ஒரு பதவி இருக்கான்னு துரைகிட்டக் கேக்கட்டுமா?"

நாயக் அவரைத் தாண்டி வேலை இடத்துக்குப் போனார். அன்று அவர் பிரிவுக்கு மைதானத்தின் ஓரமாகச் சரளை ரோடு போடும் வேலை. கூவ முடியாததால் அவர் நடந்தார். வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவார். வேலை தொய்ந்த இடத்தில் நிற்பார். ஒருவன் பின்தங்கினான். இவர் அவன் கடப்பாறையைத் தொடாமல் காலைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். குதிகால் உரிந்திருந்தது. விளக்கெண்ணெயும் பஞ்சும் வைத்துக் கட்டிவிட்டார். இன்னொருவன் மண்வெட்டியில் பிடி ஆடியது. ஆப்பு அடித்துக் கொடுத்தார். வேறு ஒருவன் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் நின்று தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்தார்.

சைகைக்கு அர்த்தம் சொல்லும் வேலையைச் சோழவந்தான்காரர் தானாகவே எடுத்துக்கொண்டார். அதில் அவர் நேர்மையாக இல்லை. நாயக் கல்லை இன்னும் பரப்பச் சொல்லிக் கைகளை விரித்தால், "எல்லாம் முடிஞ்சுபோச்சு, சாப்பிடப் போகலாங்கிறாரு" என்பார். எல்லாரும் மண்வெட்டியைக் கீழே போடுவார்கள். நாயக் முன்னால் ஓடிப் போய்க் கைகளை ஆட்டி மறிப்பார். நான் என் மேஜையிலிருந்து பார்த்துச் சிரித்தேன். அவருமே சிரித்துவிட்டார்.

ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். மொழிபெயர்ப்பாளரை நம்ப முடியாததால், ஆட்கள் நாயக்கையே நேராகப் பார்க்க ஆரம்பித்தார்கள். கை வேலையில் இருக்கும், கண் அவர் மேல் ஒருதரம் வந்து போகும். சில நாளில் சோழவந்தான்காரருக்கு வேலை போய்விட்டது. ஹவில்தாரின் பிரிவில் யாரும் ஹவில்தாரைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் எங்கே இருந்தாலும் கேட்கும்.

ஆடி பிறந்தது. பெரிய துரை வரும் நாளும் வந்தது. அவர் உட்கார்ந்து தேநீர் குடிப்பதற்கென்று இரட்டைக் கம்பக் கூடாரம் ஒன்று மதுரையிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. கல்யாணப் பந்தல் அளவு இருக்கும். அதைத் தூக்கி நிறுத்தச் சுற்றிலும் ஆட்கள் கயிற்றைப் பிடிக்க வேண்டும். நடுவில் சிலர் கம்பங்களை உயர்த்த வேண்டும். எல்லாரும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பொட்டலில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு அடித்தது. என் மேஜை மேல் காகிதத்தை வைத்தால் அது அடுத்த ஊருக்குப் போகும் என்ற நிலை.

பொறுப்பு ஹவில்தாருடையது. கூடாரத்தின் நடுவே நின்று "இழு!" என்றார். முகாமின் மிகப் பெரிய குரல் அது. காற்று அதை அப்படியே தூக்கிக் கிழக்கே கொண்டுபோனது. கிழக்குப் பக்கத்தார் கேட்டு இழுத்தார்கள். மேற்குப் பக்கத்தார், "என்னங்கிறாரு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கம்பம் சாய்ந்தது. துணி மொத்தமும் மெதுவாக, மரியாதையாக, ஹவில்தாரின் மேல் படுத்தது. உள்ளேயிருந்து அவர் கட்டளை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அவரை வெளியே எடுத்து மறுபடி முயன்றார்கள். மறுபடி விழுந்தது. கேப்டன் ரஸ்தாவைப் பார்த்தார். தூரத்தில் புழுதி தெரிந்தது.

நாயக்கின் குரல் அதற்குள் ஓரளவு திரும்பியிருந்தது. ஆனாலும் அவர் பேசவில்லை. கேப்டன் முன் போய் நின்று சல்யூட் அடித்து, கூடாரத்தைக் காட்டினார். தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்லுபவன் நான் என்பதால் கேப்டன் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க எதுவும் இல்லாததால் நான் சும்மா நின்றேன். "சரி" என்பதுபோல் அவர் கையை வீசினார்.

நாயக் தன் பிரிவை மேற்குக் கயிறுகளில் நிறுத்தினார். காற்று அந்தப் பக்கம். மற்றப் பிரிவினரையும் ஒருவர் விட்டு ஒருவராக இடையில் கலந்தார். பிறகு சுற்றி நடந்தார். ஒவ்வொரு கயிற்றின் மேலும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். தொய்வாக இருந்தால் அதைப் பிடித்திருந்தவனைப் பார்ப்பார். அவன் ஒரு சாண் இழுப்பான். விறைத்திருந்தால் பார்ப்பார்; அவன் விடுவான். அந்த நடையை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. விடிகாலையில், தெரு நீளத்துப் பாவின் ஓரமாக, இழை அறாமலும் தொங்காமலும் இருக்க அவர் நடந்த அதே நடை. என்னைச் சாக்கடை ஓரத்துக்கு அனுப்பிய பார்வையும் அதேதான்.

சுற்றி முடித்து, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நின்று கையை உயர்த்தினார். காற்றில் துணி எழும்பிக் குதித்தது. அவர் கையை இறக்கவில்லை. எல்லாக் கண்களும் அந்தக் கையில் இருந்தன, ஹவில்தாருடையவையும். காற்று ஒரு மூச்சு தணிந்தது. கை இறங்கியது. கம்பங்கள் எழுந்தன, கயிறுகள் ஒன்றாக இறுகின, முளைகள் அடிக்கப்பட்டன. கூடாரம் நின்றது.

பெரிய துரை வந்தார், உட்கார்ந்தார், தேநீர் குடித்தார், உள்ளே காற்றோட்டமாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான். அவர் போன பிறகு கேப்டன் என்னைக் கூப்பிட்டு, நாயக்கின் பதவியை நிரந்தரமாக்கி எழுதச் சொன்னார். அணிவகுப்புக் கட்டளைக்கு என்ன செய்வது என்று நானே கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, சோழவந்தான்காரருக்கு ஒற்றைப் பட்டை கொடுத்து, நாயக் கை காட்டினால் அவர் கூவ வேண்டும் என்றார். அடுத்து வந்த புது ஆட்களுக்கும், தலைவனுக்கு முதலில் வேண்டியது உரத்த குரல் என்றே அவர் பிரசங்கம் செய்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

புதுப் பட்டையைத் தைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் சோழவந்தான்காரர் என் மேஜைக்கு வந்தார்.

"ஒண்ணு சொல்றேன், எழுதிப்புடாதீக. அன்னிக்கி மொளகாத் தோட்டத்துல கேட்டுச்சு."

"எது?"

"திரும்பச் சொன்னது. நல்லாவே கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு."

"பிறகு ஏன் திரும்பலை?"

"அம்புட்டுக்கு யாரும் அவரை மதிக்கலை. சத்தத்துக்கா திரும்புறோம்?" வெற்றிலையைத் துப்பிவிட்டு, மைதானத்தின் அந்தக் கோடியைப் பார்த்தார். நாயக் அங்கே கையை உயர்த்தியிருந்தார். "இந்தா வாரேண்ணே!" என்று கத்திக்கொண்டு ஓடினார். நாயக்கைவிட அவர் பத்து வயதாவது மூத்தவர்.

பிரிவு வடகிழக்கு எல்லையில் ரோடு போடக் கிளம்புவதற்கு முன், லீவில் மதுரைக்குப் போன நான் நாயக்கின் வீட்டுக்கு ஒரு வெற்றிலைக் கட்டு கொண்டுபோனேன். அவர் பிரிவினர் கொடுத்தனுப்பியது. தறிக்கு மேலே போட்டோ தொங்கியது. பட்டை முகத்தைவிட நன்றாக விழுந்திருந்தது. அவர் தாயார் அதைத் துடைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எம் மகன் ஒரு சத்தம் போட்டா, அங்க எல்லாரும் நடுங்குவாகளா?"

பத்திரிகையில் பழகியவன், பார்த்ததைத்தான் சொல்ல முடிந்தது. "ஒருத்தரும் நடுங்க மாட்டாங்க அம்மா. அவர் சத்தமும் போட மாட்டார். எல்லாரும் அவரையே பார்த்துக்கிட்டிருப்பாங்க."

அந்த அம்மாளுக்கு இது பெருமையா குறையா என்று தெரியவில்லை. படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, எனக்குக் காப்பி கொண்டுவரும்படி, தெருக்கோடி வரை கேட்கும் குரலில் கூவினார்.